காதர் பாயின் இடத்தில் நின்றவர்

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு, போர்ட் பிளேரின் மின்னி பேயில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், என்னுடைய இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர் ஒரு விரலில் மை வைத்தார். அதுவரை அவர் வைத்த மை எல்லாம் சரியான விரல்களில்தான் இருந்தது. இந்த விரல் ஓர் இத்தாலிக்காரருடையது. ஒரு வாரமாக என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருடையது.

முதன்முறையாகத் தேர்தல் பணிக்குப் போகிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இயந்திரத்தை எப்படி இணைப்பது, எங்கே அரக்கு வைப்பது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். தடிமனாக ஒரு புத்தகமும் கொடுப்பார்கள். தேர்தல் வேலையில் வரக்கூடிய எல்லாச் சங்கடங்களும் அதில் இருக்கும், அன்றைக்கு எனக்கு வந்ததைத் தவிர. நான் ஓய்வு பெற்று மாதங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் யாராவது விரலை நீட்டிப் பேசினால் முதலில் அதில் மை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் அந்த இத்தாலிக்காரரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் லூக்கா. என் மகள் நித்யா இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னிடம் கேட்க இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நித்யாவின் அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. கேட்பதற்கு நான் ஒருத்திதான். வந்த அன்றே கேட்டுவிட்டார்கள். ஒரு வாரமாகப் பதிலுக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆள் நல்லவர்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். மதமோ நிறமோ என் மனத்தை அரிக்கவில்லை. இந்தத் தீவில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டில் சர்க்கரை கூட வாங்க முடியாது. எனக்கு வந்த பயம் நம் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடியது.

முதல் நாள் சாப்பாட்டின்போது பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “உங்க ஊர்ல எலெக்‌ஷன்லாம் எப்படி?” என்று கேட்டுவைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு அங்கே வேலைக்குப் போனவர் அவர். போன புதிதில் ஊர் மன்றத் தேர்தலில் ஒரு முறை ஓட்டும் போட்டிருக்கிறார். அப்புறம் சட்டத்தை மாற்றினார்கள். வெளியேறுவதற்கு முன்பே அங்கே குடியிருந்த ஐரோப்பியர்களுக்கு ஓட்டு தொடரும். பிறகு வந்தவர்களில் ஸ்பெயின்காரருக்கு உண்டு, போலந்துக்காரருக்கு உண்டு, போர்ச்சுகல்காரருக்கு உண்டு. அந்த நாடுகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இத்தாலியோடு போடவில்லை. லூக்காவின் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது.

“வரி கட்டறேன். குப்பைத் தொட்டியைச் சொன்ன இடத்துல வைக்கறேன். ஆனா அந்தக் குப்பையை எந்தக் கிழமை எடுக்கணும்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை கிடையாது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். குப்பைக்காக ஒருவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அப்ப உனக்கு?” என்று நித்யாவைக் கேட்டேன்.

“எனக்கு இருக்கும்மா. ஊர்த் தேர்தல் மட்டுமில்ல, பார்லிமென்டுக்கும் போடலாம்.”

“உன்னோடது இந்தியா பாஸ்போர்ட்டுடி.”

“காமன்வெல்த்மா. அவங்க நம்மளை ஆண்டாங்கல்ல, அதுக்கு.”

“இவங்களை ஆளலையா?” என்று லூக்காவைக் காட்டினேன்.

“ஆளல. அதான் இல்ல.”

வாழ்நாளில் பாதியைத் தேர்தல் பிரிவில் கழித்தவள் நான். நம் விதிகளைவிடச் சிக்கலான விதிகள் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கர்வம் போயிற்று, தூக்கமும் போயிற்று. இன்றைக்குப் பட்டியலிலிருந்து ஓர் ஆளை எடுக்கிற ஊர், நாளைக்கு ஊரிலிருந்தே எடுத்தால்? அப்போது என் மகள் எங்கே போவாள்? இதை அடுக்களையில் நித்யாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“என் பேரை இங்க யாரு எடுத்தாங்களாம்?” என்று திரும்பினாள்.

அதுவும் உண்மைதான். அவள் வெளிநாட்டில் குடியேறிவிட்டாள், வழக்கமாக இங்கே வசிப்பவள் இல்லை என்று அவள் பெயரை நீக்கியது நான்தான். விதி அப்படி.

“சொந்த அம்மா! நோட்டீஸை நம்ம வீட்டு அட்ரஸுக்கே அனுப்பி, நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கி, நீங்களே அதுக்கு ரிப்போர்ட்டும் எழுதினீங்க. இப்ப அவர் பேரை எடுத்தவங்களைத் திட்டறீங்க.”

இந்த நிலையில்தான் ஒரு நகராட்சி வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தது. மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. கடைசித் தேர்தல் என்பதால் என் வீட்டுக்கு, லம்பா லைனுக்கு, பக்கத்திலேயே மின்னி பேயில் தலைமை அலுவலராகப் போட்டுக்கொடுத்தார்கள். எட்டாத தீவுகளுக்கெல்லாம் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே பெட்டியைக் கட்டிப்பிடித்துப் போன எனக்கு இது ஏதோ கல்யாண வீட்டு முன்வரிசை மாதிரி இருந்தது. அந்த நிம்மதியில், காலையில் கிளம்பும்போது பி.பி. மாத்திரையை மறந்துவிட்டேன்.

மாத்திரையை ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு நித்யாவும் லூக்காவும் வந்தார்கள். வாக்குச்சாவடிக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருப்போம் இல்லையா, அங்கேயே நித்யா நின்றுவிட்டாள். நான் பெற்ற பிள்ளை. ஓட்டு இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டாள். “வாசல்ல போலீஸ்காரர் இருப்பார், அவர்கிட்ட குடுத்துட்டு வந்துடு” என்று லூக்காவை அனுப்பினாள். ஓட்டு இல்லாத இன்னொருத்தரை அனுப்புகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் போன நேரம், போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து “லைன் ஸே! லைன் ஸே ஆவோ!” என்று வரிசையில் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். லூக்கா இங்கிலாந்தில் சில வருடம் இருந்தவர். அங்கே இருந்தவர்கள் வரிசையைக் கண்டால் எதற்கு என்று கேட்பதில்லை. போய்க் கடைசியில் நின்றுவிடுகிறார்கள். மாத்திரை கொடுப்பதற்கும் வரிசை போலிருக்கிறது என்று அவரும் நின்றார்.

இந்த இடத்தில் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் தீவில் ஓர் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில் நிற்பார். கப்பல் டிக்கெட்டுக்கு அவருடைய செருப்பு நிற்கும், கேஸ் சிலிண்டருக்குப் பை நிற்கும், ஆள் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கிறவர் கையில் தாளைக் கொடுத்து “ஜரா தேக்னா பாய்”, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் போதும். அவர் உங்களுக்காக நிற்பார். உங்கள் முறை வந்தால் உங்கள் தாளை நீட்டவும் செய்வார். வங்காளிக்காகத் தெலுங்கர் நிற்பார், தெலுங்கருக்காக மலையாளி நிற்பார். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இங்கே யாரும் எந்தக் கப்பலிலும் ஏறியிருக்க முடியாது.

லூக்காவுக்கு முன்னால் நின்றவர் காதர் பாய். மின்னி பேயில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய முறை நெருங்கும்போது யாரோ வந்து, கார் நிக்கோபார் கப்பலுக்கு டிக்கெட் விட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் மகளும் மருமகனும் கார் நிக்கோபாரில் அரசு வேலையில் இருக்கிறார்கள். அது பழங்குடியினர் தீவு என்பதால் அங்கே போக வேண்டிய அனுமதிப் பாஸ் கைக்கு வந்துவிட்டது, டிக்கெட்தான் பாக்கி. காதர் பாய் சுற்றிலும் பார்த்தார். பின்னால் தாடியோடு சாதுவாக ஓர் ஆள் நின்றார். வாக்காளர் அட்டை, பூத் ஸ்லிப், போன் எல்லாம் போட்ட பிளாஸ்டிக் கவரையும் ஒரு குடையையும் அந்த ஆளின் கையில் திணித்து, “தம்பி, இங்க நில்லுங்க, பத்து நிமிஷம்” என்று தரையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டார்.

“சரி” என்றார் லூக்கா. நித்யா அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த மூன்று தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. மற்றவை ‘அம்மா’, ‘போதும்’. அன்றைக்கு மூன்றுக்கும் வேலை வந்தது.

வரிசை நகர்ந்தது. முதல் அலுவலர் கவரை வாங்கி, அட்டையைப் பார்த்தார். அட்டைப் படத்தில் தாடி இருந்தது. எதிரே நின்றவருக்கும் தாடி இருந்தது. ஒரு வாரம் கடற்கரை வெயிலில் கிடந்து லூக்கா செங்கல் நிறத்துக்கு வந்திருந்தார். நம் ஊரில் முகத்தை வைத்து யாரையும் இன்னார் என்று சொல்லிவிட முடியாது. ‘எங்கிருந்து வந்தீர்கள்’ என்று கேட்பதும் வழக்கமில்லை, திருப்பிக் கேட்பார்கள். அந்த முதல் அலுவலர் இதைப் படிக்கப்போகிறவர்களில் ஒருவர். பெயரைச் சொல்லமாட்டேன். படிக்கும்போது யாருக்குக் காது சிவக்கிறதோ, அவர்தான்.

அவர் பெயரைச் சத்தமாக வாசித்தார். வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் மாறியிருந்தால் அப்போதே ஆட்சேபிக்க வேண்டியது அவர்கள் வேலை. ஒருவர் தன் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மண்டல் பாபு. காதர் பாயின் பக்கத்துக் கடை, எலக்ட்ரிக் சாமான் விற்பவர், தினமும் அவரோடு டீ குடிப்பவர். ஆனால் அந்த நேரம் அவர் வாயில் சமோசா இருந்தது.

இரண்டாம் அலுவலர் நிமிரவில்லை. மேசைக்கு வந்த கையைப் பிடித்தார், மையை வைத்தார், கையெழுத்துப் போட ரிஜிஸ்டரைத் திருப்பினார்.

அப்போதுதான் லூக்காவுக்குப் புரிந்திருக்கிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். “போதும்! போதும்!” என்றார். பிறகு ஆங்கிலத்தில், “நான் இல்லை. அவர் வருவார். நான் இடம்தான் பிடிக்கிறேன்” என்றார். சத்தம் கேட்டு நான் நிமிர்ந்தேன். எதிரே லூக்கா, ஒரு கையில் மை, மறு கையில் மாத்திரை அட்டை. என்னைப் பார்த்ததும் மாத்திரையை நீட்டி, “அம்மா” என்றார்.

மண்டல் பாபு சமோசாவை விழுங்கினார்.

“மேடம்! யே ஃபிரங்கி கோன் ஹை?” இந்த வெள்ளைக்காரன் யார் என்று கேட்கிறார்.

இப்படி ஒரு நொடி உங்களுக்கும் வரும். வகுப்பறை முழுக்க உங்கள் வாயையே பார்க்கும். யாரோ டூரிஸ்ட், வழி தவறி வந்துவிட்டான் என்று சொல்லியிருந்தால் எனக்குத் தொல்லை இல்லை. போலீஸ்காரர் அவரை அழைத்துப் போயிருப்பார். சுற்றுலா விசாவில் வந்து ஓட்டுப் போடப் பார்த்தான் என்று அவர்மேல் எழுதியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால், தலைமை அலுவலரின் வீட்டு ஆளே வெளிநாட்டிலிருந்து வந்து கள்ள ஓட்டுப் போட்டார் என்று ஆகும். மறுதேர்தல், விசாரணை, ஓய்வு பெறுகிற அன்று பூமாலைக்குப் பதில் மெமோ.

எனக்கு அந்த இழுத்துக்கொண்ட கைதான் கண்ணில் நின்றது. பட்டியலில் பெயரே இல்லாமல் ஓட்டுப் போட வந்து சண்டை பிடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரமாகப் போன ஓட்டை நினைத்து நினைத்து உருகியவர், தானாகக் கைக்கு வந்த ஓட்டைப் போதும் என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார்.

“மேரா ஹோனே வாலா தாமாத் ஹை” என்றேன். எனக்கு மருமகனாக வரப்போகிறவர்.

ஒரு வாரமாகத் தமிழில் வராதது ஹிந்தியில் வந்துவிட்டது. அதுவும் இரண்டு ஏஜென்ட்டுகள் முன்னிலையில்.

முதலில் அசைந்தது வாசலில் நின்ற போலீஸ்காரர்தான். “அரே! முபாரக் ஹோ!” என்று வாழ்த்திக்கொண்டே உள்ளே வந்து லூக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லூக்கா மிரண்டுபோய், அவர் என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

போலீஸ்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “பாஸ்” என்றார், பரீட்சை முடிவு சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். வாக்குப்பதிவை நிறுத்தவில்லை. நடந்ததை இரண்டு ஏஜென்ட்டுகளிடமும் அப்படியே சொன்னேன், சொன்னதை அப்படியே எழுதினேன், என் உறவு முறை உட்பட. ‘வருங்கால மருமகன்’ என்பது மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும். பிறகு எங்கள் பகுதிச் சாவடிகளைப் பார்த்துக்கொள்கிற செக்டர் அலுவலருக்குப் போன் செய்தேன். அவர் சின்னப் பையன், என் மகள் வயது.

“மேடம், இயந்திரத்துல ஓட்டு விழலல்ல?”

“விழல. கையெழுத்தும் போடல. மை மட்டும்தான்.”

“அந்த பாய் அஞ்சு மணிக்குள்ள வந்து சுத்தமான விரலைக் காட்டி ஓட்டுப் போட்டுட்டார்னா, இது ரிப்போர்ட்ல ஒரு வரி மேடம். வரலேன்னா, ஏஜென்ட் புகார் எழுதிக் குடுத்தார்னா, மறுதேர்தல் வரைக்கும் போகும். உங்க பேரும் போகும், உங்க வீட்டு ஆள் பேரும் போகும்.”

ஆக அன்றைக்கு எல்லாம் ஒரு விரலில் வந்து நின்றது. மைக்கறை படாத காதர் பாயின் இடது கை விரல்.

“பத்து நிமிஷத்துல வந்துடுவார்” என்றார்கள் எல்லாரும். மண்டல் பாபுவே அவர் நம்பரைப் போட்டுத் தந்தார். நான் என் போனில் அழைத்தேன். என் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை கலகலவென்று சிரித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் குழந்தையைத் தேடினார்கள். அது காதர் பாயின் ரிங்டோன்.

மண்டல் பாபு ஹிந்தியில் தணிந்த குரலில் சொன்னார்: “பேத்தி. கார் நிக்கோபார்ல பொறந்தது. மக அனுப்பின வீடியோவுலேர்ந்து எடுத்து வச்சிருக்கார். இன்னும் நேர்ல பாக்கல.”

அதற்குள் வெளியே செய்தி பரவிவிட்டது. யார் எடுத்த படமோ, லூக்கா மை விரலோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போய்விட்டது. கீழே, அங்ரேஸ், அதாவது ஆங்கிலேயன், திரும்பி வந்துவிட்டான், இந்தத் தடவை ஓட்டுப் போட்டு வந்திருக்கிறான் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரன் கட்டின சிறையை ஊர் நடுவில் வைத்துக்கொண்டிருக்கிற போர்ட் பிளேரில் இது எப்படிப்பட்ட செய்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டு இல்லாதவர்கள் கூடப் பார்க்க வந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, “அங்ரேஸ்! அங்ரேஸ்!” என்றார்கள்.

அதுவரை சாதுவாக இருந்த லூக்கா எழுந்துவிட்டார். “நான் ஆங்கிலேயன் இல்லை! நான் இத்தாலி! என் ஓட்டையும் அவங்கதான் எடுத்தாங்க!”

கூட்டம் அடங்கியது. மண்டல் பாபு தன் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். அவர் மனைவியின் பெயர் ஒரு தடவை பட்டியலில் விட்டுப்போய், அதைச் சேர்க்க அவர் அலைந்த அலைச்சல் மின்னி பே முழுக்கப் பிரசித்தம்.

“தும்ஹாரா பீ கட் கயா?” உன் பெயரும் வெட்டுப்பட்டதா என்றார்.

போலீஸ்காரர் மொழிபெயர்த்தார். லூக்கா தலையை ஆட்டினார். ஸ்பெயின்காரனுக்கு இருக்கிறது, போலந்துக்காரனுக்கு இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று கையை விரித்தார்.

“அவங்க இங்க வந்தப்பவும் நம்மளைக் கேக்கல, போனப்பவும் கேக்கல. உன்னை மட்டும் கேப்பாங்களா?” என்று மண்டல் பாபு அவர் தோளில் தட்டி, தன் பொட்டலத்திலிருந்து ஒரு சமோசாவை எடுத்துக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி ஏஜென்ட் ஆனார்.

“பாய் கோ லாவோ, மேடம். ஷாம் தக் நஹீ ஆயா, தோ மை லிக் கே தூங்கா.” பாயைக் கொண்டுவாருங்கள், சாயந்திரத்துக்குள் வரவில்லை என்றால் எழுதித் தருவேன்.

எழுதித் தருவது அவர் கடமை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சமோசா வேறு, ஆட்சேபம் வேறு என்று பிரிக்கத் தெரிந்த ஏஜென்ட் கிடைப்பது அபூர்வம்.

மதியம் ஆயிற்று. பாயைக் காணவில்லை. நித்யா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். அங்கிருந்து போன் செய்தாள்.

“அம்மா, பாய் இங்கதான் இருக்கார். கரண்ட் போயி இப்பதான் வந்துச்சாம். லைன் அசையவே இல்ல. வர மாட்டேங்கறார்.”

“போனைக் குடு.”

“மேடம்,” என்றார் காதர் பாய், “தப்பா நெனச்சுக்காதீங்க. காலையிலேர்ந்து நிக்கிறேன். பாஸுக்கு எத்தனை நாள் அலைஞ்சேன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பெருநாளைக்கும் போக முடியல. இப்ப இடத்தை விட்டா இந்தக் கப்பலும் போயிரும். பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளாம்மா.”

ஓட்டுப் போட வா என்று ஒரு வாக்காளரை அழைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. போடாமல் இருப்பதும் அவர் உரிமை. அந்தப் பக்கம் ஒரு தாத்தா பேத்தியைப் பார்க்க நிற்கிறார். இந்தப் பக்கம் நான், என் மகள் கட்டிக்கொள்ளப்போகிறவர் விமானம் ஏறுவாரா ஸ்டேஷனுக்குப் போவாரா என்று நிற்கிறேன். அழைத்துவிடலாம் என்று வாய் வரை வந்தது. பதற்றத்தில் இருக்கும்போது நம் அதிகாரம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் புத்தகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

“பாய், உங்க ஓட்டு இங்க பத்திரமா இருக்கு. வேற யாரும் போடல. இதைச் சொல்லத்தான் பேசினேன்” என்றேன்.

போனை நித்யா வாங்கினாள். “அம்மா, அவருக்குப் பயம் இடம் போயிடும்னுதானே? லூக்காவை அனுப்புங்க. இந்த லைன்ல நிக்கறதுக்கு யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க.”

ஏஜென்ட்டுகளிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். மண்டல் பாபு குதித்தார். “பாக் ஜாயேகா!” ஓடிவிடுவான் என்கிறார்.

“எங்க ஓடுவார்? அவர் பாஸ்போர்ட் என் பீரோவுல இருக்கு” என்று கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் வந்த அன்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிப் பூட்டிவிட்டிருந்தேன். இத்தனை வருடப் பழக்கம். முக்கியமான எதைப் பார்த்தாலும் பூட்டி சீல் வைக்கத்தான் கை போகும்.

“கப்பல்ல போயிட்டா?” என்றார் மண்டல் பாபு.

போலீஸ்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “தாதா, டிக்கெட் மிலேகா?” டிக்கெட் கிடைக்குமா?

அந்த வாதத்துக்கு இந்தத் தீவில் பதில் கிடையாது. மண்டல் பாபு கையை அசைத்தார். இரண்டு ஏஜென்ட்டுகளின் சம்மதத்தையும் எழுதிக்கொண்டேன். செக்டர் அலுவலருக்குச் சொன்னபோது, “மேடம், நீங்க ஒரு வாக்காளரைக் கூட்டிட்டு வரச் சொல்றீங்களா?” என்று பயந்தார்.

“இல்ல சார். டிக்கெட் வரிசையில அவருக்காக நிக்க ஆள் போகுது. அவர் அதுக்கப்புறம் ஓட்டுப் போட வராரா, டீ குடிக்கப் போறாரா, அது அவர் இஷ்டம்.”

“லைன் சரியில்ல மேடம், எனக்கு எதுவும் கேக்கல” என்று வைத்துவிட்டார். பெரிய அதிகாரியாக வருவார்.

நித்யா வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். லூக்கா காதர் பாயின் குடையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் பக்கம் திரும்பினார். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. “மழை வரும்” என்றேன். “சரி, அம்மா” என்றார்.

மழை வந்தது. நம் ஊர் மழை தெரியுமே, வகுப்பறைத் தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வாக்காளர்கள் குறைந்துபோனார்கள். மூன்றாம் அலுவலர் கொட்டாவி விட்டார். நான் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேனா இல்லையா என்று நினைவில்லாமல் அட்டையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். மண்டல் பாபு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, பேனாவைத் திறந்து, தேதியை மட்டும் எழுதிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பாய் வந்துவிட வேண்டும் என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பேனாவை மூடவில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஐந்துக்கு மேல் வருகிறவர்களைச் சேர விடாமல் தடுக்க, போலீஸ்காரர் வரிசையின் கடைசியில் போய் நிற்கத் தயாரானார். அப்போது மழைக்குள்ளிருந்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சத்தம் கோட்டருகே நின்றது. அங்கிருந்து ஒரு மனிதர் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். இடது கை ஆள்காட்டி விரலை எல்லாரும் பார்க்கும்படி தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார். மழை விடும் என்று பார்த்துப் பார்த்து இவ்வளவு நேரம் ஆகிவிட்டதாம், வழி நெடுக அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாராம்.

முதல் அலுவலர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார், தாடியைத் தவிர மற்றதையும் பார்த்தார். பெயரை வாசித்தார். இந்தத் தடவை மண்டல் பாபுவின் வாயில் எதுவும் இல்லை. எழுந்து வந்து பாயின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் மடியிலிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மை. கையெழுத்து. இயந்திரத்தின் நீளமான ‘பீப்’. என் வாழ்நாளில் அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை.

கவரை அவரிடம் கொடுத்து, “பாய், ஒரு நிமிஷம் உக்காருங்க, டீ வருது” என்றேன்.

காதர் பாய் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்து நகர்ந்துவிட்டார்.

“உக்கார நேரமில்லம்மா. கவுண்டர்ல எனக்கு முன்னால ஒருத்தர்தான் பாக்கி. என் இடத்துல உங்க மாப்பிள்ளை நிக்கிறாரு.”